காலிதீன் கழற்றிய மோதிரம்

ஓடிப்போனானாம்! அந்த வேதக்காரப் பொம்பிளையோடு ஓடிப்போனானாம்! அப்படியென்றால், சுபைறா, முந்தநாள் கட்டாரிலிருந்து உன் புருசன் பேசினானே, உனக்கு லைன் கொடுத்தது ஆர்? ஜின் பேயா? அன்ரனீற்றா அதே டெலிபோன் கந்தோரில், அதே கதிரையில், கழுத்தில் அதே சிலுவையோடு, காதில் அதே மிசினை மாட்டிக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறாள். போய்ப் பார். கண்ணாடிக்கு மேலால் உன்னை முறைத்து, "என்ன நம்பர்? கெதியாச் சொல்லுங்க" என்று அதட்டுவாள். ஓடிப்போனவள் விடிந்தால் வேலைக்கு வருவாளா?

காலிதீன் தனியத்தான், தன் ஊர்ப் பக்கம் போனான். பட்டப்பகலில், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு, முன் வாசலால் போனான். என் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். ஓடுகிறவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டா ஓடுவான்?

இந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு ஆம்பிளை மோதிரத்தைக் கழற்றினால் ஒரே ஒரு காரணம்தான் தெரியும். வேறு காரணம் வைக்க மண்டையில் இடமில்லை. உள்ள இடமெல்லாம் அடுத்த வீட்டுச் சட்டி பானை. ஊர்ப் பிள்ளைகள் பெத்தா என்கிற இந்தக் கிழவிக்கு எழுத்துத் தெரியாது. கண் தெரியும். அந்தக் கந்தோரைக் கூட்டிக் கழுவி, அங்கே இருந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் நான். நீங்கள் யன்னலால் எட்டிப் பார்த்தவர்கள். நான் உள்ளே நின்றவள். ஆர் கதை மெய்யென்று அல்லாஹ் அறிவான்.

காலிதீன் மருதமுனைப் பிள்ளை. தறிக்காரக் குடும்பம். வாப்பாவும் கூடப்பிறந்த காக்காமாரும் சாறன் நெய்ய, இவன் மட்டும் கம்பியையும் கரண்டையும் தேடிப் போய்ப் படித்து, நம்மட ஊர்க் கந்தோருக்கு வேலையாய் வந்தான். சபியா உம்மா அவனைப் பார்த்துத் தன் மகள் ஸாலிஹாவுக்குப் பேசினாள். எல்லா மாப்பிள்ளையும் போல அவனும் ஒரு தகரப் பெட்டியோடு பொம்பிளை வீட்டுக்கு வந்து குடியிருந்தான். வீடு ஸாலிஹாவின் சீதனம். கிணறு ஸாலிஹாவின் சீதனம். கோழிக்கூடும் அப்படித்தான். அவனுடையது அந்தப் பெட்டியும், ஸாலிஹா அவனுக்காகச் சொல்லக்கூடிய ஒரு வார்த்தையும். அந்த வார்த்தை இருக்கும் மட்டும்தான் அந்த வீட்டில் அவனுக்கு இடம்.

அவனைப் பெரிய நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. தலைக்கனம் பிடித்தவன். மீன் தலை இல்லாவிட்டால் சோற்றில் கை வைக்க மாட்டான். சாறனில் ஒரு மடிப்புப் பிழைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஒரு கதையை ஒரு தரம் சொல்வான். இரண்டாம் தரம் கேட்டால், "சொல்லித்தன் தானே" என்று வாயை மூடிவிடுவான். ஸாலிஹாவுக்கு மூத்த காக்கா, மச்சான்காரன் நூஹு பகிடி விட்டால் சிரிக்கவும் மாட்டான். நூஹுவின் பகிடிக்கு ஆர்தான் சிரிப்பார்கள், அது வேறு கதை. ஆனால் சிரிக்காத மருமகனை ஒரு வீடு மன்னிக்காது.

கலியாணத்தன்று சபியா உம்மா அவன் விரலில் வெள்ளி மோதிரம் போட்டாள். சிவந்த அக்கீக் கல் வைத்த மோதிரம். கழுத்துக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி. அதில் பள்ளி லெவ்வை ஓதிச் சுருட்டிய இசும், கண்ணூறுக்குக் கட்டுகிற தாயத்து, வெள்ளிக் கூட்டுக்குள். இரண்டையும் ஆசையாய்ப் போட்டிருந்தான். கந்தோருக்கு வந்து, பின்னால் இருக்கிற பற்றறி அறைக்குப் போகும்போது மட்டும் கழற்றுவான். மோதிரம், சங்கிலி, மணிக்கூடு, சட்டைப் பையில் இருக்கிற சாவிக்கொத்து, எல்லாம். அந்த அறையில் பற்றறிகள் வரிசை வரிசையாய் நிற்கும். புளிச்ச ஆவி வரும். வெள்ளி அங்கே கிடந்தால் கறுத்துவிடும். ஆகவே கழற்றியதை ஒரு பீங்கான் கோப்பைக்குள் போட்டு, முன்னறையில் அன்ரனீற்றாவின் மேசை ஓரத்தில் வைப்பான். வைக்க வேறு மேசை அங்கே இல்லை. இதுதான் நடந்தது. இவ்வளவுதான் நடந்தது.

ஏன் கழற்றுகிறான் என்று நானும் கேட்டேன். கேட்கத் தெரிந்தவள் கேட்பாள். உன்னைப் போல மூக்கை நீட்டிக்கொண்டு போகமாட்டாள்.

"பெத்தா, இந்தக் கரண்ட் ஆள அடிக்காது" என்றான். "அதுதான் இதுட கள்ளத்தனம். வெறுங்கைய வச்சா ஒண்டும் செய்யாது, பூனை மாதிரிப் படுத்திருக்கும். வெள்ளியோ இரும்போ குறுக்கால பட்டா, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள பழுத்துப் போகும். கொல்லன் உலையில போட்ட மாதிரி."

"மோதிரம் பழுத்தா?"

"மோதிரத்துக்குள்ளதானே விரல் இருக்கு பெத்தா."

அந்த அறைச் சுவரில் ஒரு ஆணியில் ஒரு ஸ்பனர் தொங்கும். வெளிலைன் பார்க்கிற அல்பேட் ஒருகாலம் அதைக் கைதவறி விட்டவர். இரண்டு பற்றறி முனைக்கும் குறுக்கால் விழுந்திருக்கிறது. நடுவில் எலி கடித்த மாதிரி இரும்பு உருகிப் போய் ஒரு பள்ளம். அதைத் தினமும் தூசு தட்டினவள் நான். உன் கதையை நம்புவதா, அந்த இரும்பை நம்புவதா?

நீ ஒருநாள் உன் புருசன் எடுக்கிற கட்டார்க் கோலுக்குப் பெஞ்சில் காத்திருந்தாய். கோப்பையை எட்டிப் பார்த்தாய். வெள்ளி மோதிரம், சிவப்புக் கல். "இது நம்மட ஸாலிஹாட மாப்பிள்ளைட மோதிரமெல்லா" என்று உனக்குள்ளே முனகினாய். அன்ரனீற்றா அப்போது சம்மாந்துறைக்கு லைன் கொடுத்துக்கொண்டிருந்தாள், உன்னைக் கவனிக்கவுமில்லை. நீ வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை வாசலில் நின்றாய் என்று நான் எண்ணவில்லை. பின்னேரமாகும்போது, கோப்பைக்குள் இருந்த மோதிரம் ஊர் வாயில் அன்ரனீற்றாவின் விரலுக்கு ஏறிவிட்டது. அவளுக்கோ தலையில் நரை விழுந்துவிட்டது. காலிதீனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அதையெல்லாம் பார்த்தால் உங்களுக்கு வாய்க்குள் மெல்ல என்ன இருக்கும்?

சபியா உம்மா மருமகனைக் கேட்டாள். அவன் ஒரு தரம் சொன்னான், எனக்குச் சொன்ன மாதிரியே. சங்கிலிக்கு ஒரு வழியும் சொன்னான்.

"மாமி, இசுமத் துணியில வச்சுத் தைச்சுத் தாங்க. நூல்ல கோத்துக் கழுத்தில போடுறன். எங்கட வீட்ட நூலுக்குப் பஞ்சமா? வெள்ளி மட்டும் வேணா."

அதற்குச் சரி என்றாள். இசும் துணிக்குள் போயிற்று. மோதிரத்தைத் துணிக்குள் தைக்க முடியாதே.

அப்போதுதான் நூஹு தன் அறிவைக் கொண்டுவந்தான். அவனிடம் ஒரு உழவு மிசின் இருந்தது. அதன் பற்றறியைக் கழற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான். தங்கச்சியையும் உம்மாவையும் வேலியோரம் நின்ற அரைவாசித் தெருவையும் கூப்பிட்டான். இரண்டு கையாலும் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றான், என்னமோ பாம்பைப் பிடித்தவன் மாதிரி.

"பாருங்க! அடிக்குதா? ஒண்டுமில்ல! பற்றறிக் கரண்ட் குழந்தப்புள்ளையையும் அடிக்காது. மச்சான் நம்மள மடையனாக்குறாரு உம்மா!"

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். காலிதீன் சொன்னதும் அதேதான், அடிக்காது என்றுதான் அவனும் சொன்னான் என்று சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை. நான் வேலிக்கு மேலால் கேட்டேன்.

"நூஹு, கையில மோதிரத்தப் போட்டுக்கிட்டு ஒரு குறட்டையும் குறுக்க வச்சுப் பாரன் வாப்பா."

"உங்களுக்கென்ன தெரியும் பெத்தா, கூட்டுறத்துக்கு வச்ச ஆள்!"

வைத்துப் பார்க்கவில்லை. எப்படி வைப்பான்? பழுதாகப் போகிற பற்றறி அவனுடையதல்லவா.

ஸாலிஹாவைக் கிணற்றடியில் பிடித்தேன். அப்போது வயிற்றில் பிள்ளை.

"புள்ள, நீ என்ன சொல்றாய்? அவன நம்புறியா?"

வாளியை இறக்கினாள். "வேலைக்காகத்தான் கழட்டுறாராம்."

"அது அவன் சொல்றது. நான் உன்னக் கேக்கன்."

"நான் என்னத்தக் கண்டன் பெத்தா. உம்மா அழுறா. தெருவில போக ஏலாதாம்."

தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். பாவம் என்று சொல்வேன் என்று பார்க்கிறாயா? சொல்லமாட்டேன். கட்டின புருசனுக்கு ஆம், இல்லை என்று ஒன்று சொல்லாதவளை நான் பாவம் என்று சொல்வதில்லை.

சபியா உம்மா கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? வீரமுனைப் பக்கத்துத் தட்டான் ஒருவனை வீட்டுக்கே கூப்பிட்டு, மோதிரத்தை வெட்டிச் சிறிதாக்கி ஒட்டச் சொன்னாள். மூட்டுத் தாண்டி ஏற வேண்டும். திரும்ப இறங்கக் கூடாது. அந்தத் தட்டானே கேட்டான், "இவ்வளவு இறுக்கமாவோ அம்மா? விரல் வீங்குமே." "வீங்கட்டும்" என்றாள்.

காலிதீன் ஏன் கையை நீட்டினான் என்று நீ கேட்கலாம். ஸாலிஹா அழுதாள். மயக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குதில்லை, இதைச் செய்தால் என்ட மனம் ஆறும் என்றாள். அவன் யோசித்தான். பற்றறி அறையில் அப்போதைக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. புதுக் கேபிள் வருவதற்கு எப்படியும் நாள் செல்லும்.

"புள்ள பிறக்குமட்டும் போட்டிருக்கன்" என்றான். "அதுக்குப் பிறகு பேசப்படாது."

சவர்க்காரம் பூசி ஏற்றினார்கள். சபியா உம்மா தன் கையாலேயே இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"இனிக் கண்ணாடிக்காரி தொங்கினாலும் வராது."

"மாட்டுக்குக் குறி போட்டாச்சி" என்றான் நூஹு. முற்றம் முழுக்கச் சிரிப்பு. நீயும்தான் சிரித்தாய், சுபைறா. காலிதீன் எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினான். கழுவக் கழுவ விரல் சிவந்தது.

இனி அந்தக் கேபிள் கதை. சூறாவளி அடித்தபோது கந்தோர்க் கூரையில் ஓடு பறந்து, கடல் உப்போடு மழை உள்ளே கொட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். பற்றறி அறையிலிருந்து டெலிபோன் மிசின்கள் நிற்கிற அறைக்குக் கரண்ட் கொண்டுபோகிற தடித்த கேபிள்கள் அதிலே ஊறின. பிறகு காய்ந்து, ரப்பர் வெடித்து, வயதான யானையின் தோல் மாதிரி ஆயிற்று. வேறு கேபிள் அனுப்பச் சொல்லி ஆள் மேல் ஆள் விட்டார்கள். ஒன்றும் வரவில்லை. மோதிரம் இறுக்கினார்களே, அதற்குப் பிறகுதான் மட்டக்களப்பிலிருந்து லொறி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல், புதுக் கேபிள் சுருளை இறக்கிப் போட்டுவிட்டுப் போனது.

அதற்கு மறுநாள் காலை நான் அறையைக் கூட்டப் போக, ரப்பர் கருகின மணம். காலிதீனைக் கூப்பிட்டேன். பழைய கேபிளில் கையை வைத்துப் பார்த்தான்.

"அடைகாக்கிற கோழிட வயிறு மாதிரிச் சுடுது. அல்பேட் அண்ணன், இன்டைக்கே மாத்தோணும்."

"நாளைக்குப் பாப்பமே தம்பி" என்றார் அல்பேட்.

"நாளைக்கு நெருப்பெடுத்தா ஊருக்கே லைன் இல்ல. ஆசுபத்திரிக்கும் இல்ல."

கையை எடுத்தான். விரலைப் பார்த்தான். மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது.

சவர்க்காரம் பூசினான். தேங்காயெண்ணெய் பூசினான். தறிக்கார வீட்டுப் பிள்ளையல்லவா, நூலை விரலில் நெருக்கமாய்ச் சுற்றி, மோதிரத்துக்கு அடியால் விட்டு அவிழ்த்துப் பார்த்தான். தோல் உரிந்து இரத்தம் வந்தது, மோதிரம் வரவில்லை. அல்பேட் சொன்னார், "கறுப்பு டேப்பைச் சுத்து. ஸ்பனர்ப் பிடிக்கெல்லாம் அதத்தானே சுத்தியிருக்கம்."

"ஸ்பனர் சுட்டாக் கைய விடலாம் அண்ணன். மோதிரம் சுட்டா விரல எங்க விடுற?"

அல்பேட் சுவரில் தொங்கிய ஸ்பனரைப் பார்த்தார்.

வெட்ட வேண்டியதுதான். வெட்டுக் குறட்டை அல்பேட்டிடம் கொடுத்தான். அவருக்குக் கண் மங்கல். என்னிடம் நீட்டினான். எனக்கு மீன் வெட்டத் தெரியும், குறடு பிடிக்கத் தெரியாது. அப்போது முன்னறையிலிருந்து அன்ரனீற்றா சத்தம் போட்டாள்.

"என்ன அங்க பிள்ளைப்பேறு பாக்கிறீங்களா? இஞ்ச கொண்டா தம்பி கைய. நான் போர்ட்ட விட்டு எழும்ப ஏலாது."

அவன் மேசைக்குப் போனான். கையை மேசையில் வைத்தான். அவள் காதிலிருந்த மிசினைக் கழற்றவுமில்லை. ஒரு கையால் அவன் விரலைப் பிடித்தாள், மற்றக் கைக் குறட்டால் மோதிரத்தைக் கவ்வினாள். "அசையாத." டிக்கென்று ஒரு சத்தம். வெள்ளி பிளந்தது. கல் தெறித்துப் பெஞ்சுக்குக் கீழே உருண்டது.

பெஞ்சில் ஆர் இருந்தது? நீதான்! கட்டார்க் கோலுக்கு வந்து காத்துக்கொண்டிருந்தாய். கல் உன் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தாயா? இல்லை. வாயைப் பிளந்து, ஒரு பொம்பிளை ஆம்பிளையின் கையைப் பிடித்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் விளக்குமாற்றால் கல்லை இழுத்தெடுத்து அவன் கையில் கொடுத்தேன். உரிந்த விரலில் அவன் சாறன் துணி கிழித்துச் சுற்றினான். உனக்கு அந்த இரத்தம் தெரியவில்லை. கை பிடித்ததுதான் தெரிந்தது.

உன் கோல் வந்தது. நீ டெலிபோன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். நீ கத்திக் கதைக்கிற ஆள். கண்ணாடிக் கதவு உன்னை அடக்காது. நான் தேத்தண்ணிக் கேத்தலோடு நடுவில் நின்றேன். இந்தக் காதில் உன் சத்தம், அந்தக் கண்ணில் அவன் வேலை.

பழைய கேபிளில் அவன் முதலில் கை வைக்கவேயில்லை. புதியதைச் சுவரோரமாய் இழுத்துப் படுக்க வைத்தான், ஒரு முனையும் எங்கேயும் படாமல். முனைகளுக்கெல்லாம் ரப்பர்த் துண்டால் தொப்பி. பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த தறி நூலை எடுத்தான். சிவப்பு நூல் கட்டின முனை இங்கேயென்றால் மற்ற அறையிலும் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. பழைய கேபிளுக்கும் அப்படியே கட்டினான். மாறிப் போனால் நெருப்பு. கட்டியதை நம்பவுமில்லை. மீற்றரை வைத்துக்கொண்டு, "அல்பேட் அண்ணன், சிவப்பத் தொடுங்க", "விடுங்க", "பச்சையத் தொடுங்க" என்று சத்தம் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

கேபிள் இரண்டு சோடி. ஒரு சோடியைக் கழற்றினாலும் மற்றச் சோடி கொஞ்சநேரம் முழுப் பாரத்தையும் தாங்குமாம். பழசென்றாலும் தாங்க வேண்டும், அதுதான் பயம். முதல் சோடியின் பியூஸை இழுத்தான். உயிர் இல்லையென்று மீற்றரை வைத்துப் பார்த்தான். பற்றறிப் பக்கத்து நட்டைக் கழற்றினான். கழன்ற முனைக்கு உடனே தொப்பி. பிறகு மற்றப் பக்கம். பழசு போன இடத்தில் புதுசு. நூலைப் பார்த்து, மீற்றரைப் பார்த்து, நட்டை இறுக்கினான். பியூஸைத் திருப்பிப் போட்டுவிட்டு, உடனே அடுத்ததுக்குப் போகாமல், கேபிளில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னகா, துஆ ஓதுறியா?" என்றேன்.

"சுடுதா எண்டு பாக்கன் பெத்தா. தறியில புதுப் பாவு பிணைக்கக்குள்ள ஒவ்வொரு இழையா முடிஞ்சு இழுத்துப் பாப்பாங்க. எல்லாத்தையும் ஒரேயடியா அறுத்தாத் துணி எங்க?"

சுடவில்லை. இரண்டாம் சோடிக்குப் போனான்.

இவ்வளவுக்கும் நீ பெட்டிக்குள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்? நான் சொல்லட்டா? "கேக்குதா? இஞ்ச கேளுங்களன்! நம்மட ஸாலிஹாட மாப்பிள்ள! ஓம்! அந்த வேதக்காரி கையப் புடிச்சுக்கிட்டு மோதிரத்த வெட்டுறாள்! என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்!" நீ அவன் மானத்தை அறுத்த கோல், அவன் கை மாற்றிக்கொண்டிருந்த கேபிளின் கரண்டில்தான் ஓடிற்று. ஒரு சொல்கூட அறவில்லை. அறுந்திருந்தால் உனக்கு அவனுடைய வேலை தெரிந்திருக்கும். அறாததால்தான் தெரியவில்லை.

வேலை முடிந்து அன்ரனீற்றாவிடம் போனான்.

"முடிஞ்சுதா? எனக்கு ஒண்டும் தெரியல்லையே" என்றாள். போர்ட்டில் ஒரு விளக்கும் மங்கவில்லை.

"தெரியாட்டிச் சரிதான் அக்கா" என்றான். அவன் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

வெட்டிய மோதிரத்தையும் கல்லையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் அந்தச் சீதனச் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேருமுன் நீ போய்ச் சேர்ந்திருந்தாய். உனக்குச் சைக்கிள் தேவையில்லை.

நான் பின்னால் வந்து வேலியோரம் நின்றேன். சபியா உம்மா விறாந்தையில் வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் இருந்தாள். நூஹு தூணில் சாய்ந்து நின்றான். ஸாலிஹா உள்வாசலில், வயிற்றில் கையை வைத்தபடி. காலிதீனின் விரலில் சுற்றியிருந்த துணியில் இரத்தம் ஊறியிருந்தது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

"மோதிரம் எங்க?" என்றாள் சபியா உம்மா.

"வெட்டித்தன்."

"ஆர் வெட்டின?"

"அன்ரனீற்றா அக்கா."

பொய் சொல்லியிருக்கலாம். அல்பேட் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது வராது, அதுவும் தலைக்கனந்தான்.

"கேட்டீங்களா உம்மா! வெக்கமில்லாமச் சொல்றாரு!" என்றான் நூஹு.

"நீ சும்மா இரு." சபியா உம்மா பாக்கை வெட்டினாள். "மருமகன், நடந்தது நடந்து போச்சி. நான் ஒண்டு சொல்றன். அந்தக் கந்தோர் வேல வேணா. நூஹுட நெல்லு மில்லுக்குப் போங்க. நாளைக்குத் தட்டான் வரட்டும், மோதிரத்த ஒட்டிப் போடுவம். தெருவும் வாய மூடும், என்ட புள்ளையும் நிம்மதியாப் பெத்தெடுப்பாள்."

"மாமி, வேலைக்குப் போகக்குள்ள கழட்டுவன். வீட்ட வரக்குள்ள போடுவன். நான் வேலைய விடமாட்டன்."

"அப்ப இந்த வீட்டில..." என்று தொடங்கி நிறுத்தினாள். முடிக்கத் தேவையில்லை. வீடு ஆருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. உள்வாசலைப் பார்த்தான்.

"ஸாலிஹா. நீ சொல்லு."

கையை நீட்டிக் காட்டினான், துணி சுற்றின அந்த விரலை. இரண்டாம் தரம் ஒரு கதையைச் சொல்லாதவன், அன்றைக்கு அவளுக்கு மட்டும் கையை நீட்டி இரண்டாம் தரம் சொன்னான் என்றுதான் நான் நினைக்கிறேன். அவள் விரலைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள். காக்கா நூஹுவைப் பார்த்தாள். வேலியோரம் நின்ற உங்கள் எல்லாரையும் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"உம்மா சொல்றதக் கேளுங்களன்" என்றாள்.

இதுதான் அந்த வார்த்தை. இதற்காகத்தான் அவன் அத்தனை நாள் அந்தச் சிரிப்பையெல்லாம் சகித்துக்கொண்டிருந்தான்.

சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து வெற்றிலைத் தட்டத்தில் வைத்தான், கல்லை அதற்குப் பக்கத்தில். "மாமி, மோதிரம் உங்கட. விரல் என்ட" என்றான். உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் வாசலில் விலகி வழி விட்டாள். வழி விட்டாளே, அதைச் சொல்லு உன் கட்டார்க் கோலில்.

படியில் இறங்கிச் செருப்பைத் தேடினான். ஒன்று கோழிக்கூட்டுப் பக்கம் கிடந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போய் எடுத்துவந்து போட்டான். பெட்டியைத் தூக்கினான். தோளுக்கு மாற்றினான். ஒரு ஆளை நில்லுங்க என்று சொல்ல அந்த நேரம் போதும். பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கிற்று, அவன் நின்றான். சொல்லி முடியுமட்டும் நின்றான். அந்த நேரமும் போதும்.

"கூப்பிடுடி அவன!" என்று நான் கத்தினேன்.

"ராத்தா, உங்கட வீட்டச் சோலியப் பாருங்க" என்று என்னை அதட்டினாள் சபியா உம்மா. ஸாலிஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நூஹு பல்லைக் குத்திக்கொண்டு நின்றான். நீங்கள் வேலியோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றீர்கள், மூச்சையும் விடாமல், ஒரு சொல்லைத் தவறவிட்டுவிடுவோமோ என்று.

பாங்கு முடிந்தது. அவன் முற்றத்தைக் கடந்தான். வேகமாயும் போகவில்லை, மெதுவாயும் போகவில்லை. வேலிக் கதவான கடப்பைத் திறந்து வெளியே போய்ப் பெட்டியை ஒழுங்கையில் வைத்தான். திரும்பினான். கூப்பிடத்தான் திரும்பினான் என்று நினைத்து ஸாலிஹா ஒரு அடி முன்னுக்கு வைத்தாள். அவன் கடப்பை இழுத்துச் சாத்தினான். அந்தக் கொக்கி எப்போதும் சரியாய் விழாது, ஆடு புகுந்துவிடும். கொழுவினான். கையால் ஒரு தரம் ஆட்டிப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.